தடுப்பதா, காட்டுவதா, திருத்துவதா? சிஆர்எம் ஃபார்முலாவை எங்கே எழுதுவது என்று ஓர் அலசல்

சேல்ஸ் டீமின் சிஆர்எம்மில், அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் வியாபாரப் பேச்சுகளையும் பதிந்துவைக்கும் சாஃப்ட்வேரில், குப்பை சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலான ஆபீஸ்களில் முதலில் எழும் குரல் இதுதான்: "எல்லா ஃபீல்டையும் கட்டாயமாக்கிவிடுங்கள்." செய்து பாருங்கள், காலி ஃபீல்டுகள் சீக்கிரமே மறைந்துவிடும். அங்கெல்லாம் 9999999999 என்று ஒரு மொபைல் எண்ணும், ஊர்ப்பெயருக்குப் பதில் ஒரு புள்ளியும், எதிர்பார்க்கும் தொகை 1 ரூபாய் என்ற கணக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். காலியாக இருந்தவரை "இந்த விவரம் நம்மிடம் இல்லை" என்பதாவது தெரிந்தது. இப்போது அதுவும் தெரியாது. ரிப்போர்ட் மட்டும் நிறைந்து தெரியும்.

காலி ஃபீல்டை விடப் பொய்யாக நிரப்பிய ஃபீல்ட் ஆபத்தானது. இதை ஒப்புக்கொண்டால், தவறான விவரத்தைப் பிடிக்கும் நிபந்தனையை ஃபார்முலாவாக எழுதும் வேலையில் பாதி முடிவுகள் தாமாகவே தெளிந்துவிடும்.

பிரபலமான சிஆர்எம்களில் ஒன்றான சேல்ஸ்ஃபோர்ஸை எடுத்துக்கொள்வோம். ஒரே நிபந்தனையை அதில் மூன்று இடங்களில் எழுதலாம். வேலிடேஷன் ரூலில் எழுதினால், நிபந்தனை பொருந்தும்போது ரெக்கார்டு சேவ் ஆகாது. ஃபார்முலா ஃபீல்டில் எழுதினால் சேவ் ஆகும், ஆனால் குறை கண்ணுக்குத் தெரியும். சேவ் ஆவதற்கு முன்பே தானாக ஓடும் வேலைத்தொடரான ஃப்ளோவில் எழுதினால், குறையை அதுவே திருத்திவிடும். தடுப்பதை மிகக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், காட்டுவதைத் தாராளமாகச் செய்யலாம், மெஷினால் திருத்த முடிந்ததைப் பற்றி மனிதரிடம் கேட்கவே கூடாது என்பது என் கட்சி. ஏன் என்று ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

ஒரு ஜிஎஸ்டி எண், நான்கு சோதனைகள்

கோவையில் பம்ப்செட் தயாரித்து, டீலர்களுக்கும் நேரடியாக விவசாயிகளுக்கும் விற்கும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ரெக்கார்டில் ஜிஎஸ்டி எண்ணுக்கு ஒரு ஃபீல்ட் இருக்கிறது. அந்த எண்ணுக்கு மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்தும் அந்த நிறுவனத்தின் பான் எண்ணேதான். கடைசி எழுத்து சரிபார்ப்புக் குறி.

முதல் சோதனை: காலியாக இருக்கிறதா? இதைக் கட்டாய ஃபீல்ட் ஆக்கினால் விவசாயிக்கு விற்கும்போது மாட்டிக்கொள்வோம். தன் விளைச்சலை விற்கும் விவசாயிக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அவர் பெயரில் ரெக்கார்டு போடும் சேல்ஸ்காரர் என்ன செய்வார்? பக்கத்து டீலரின் எண்ணை எடுத்து ஒட்டுவார். ஆகவே கட்டாயம் என்பதே கூடாது. வாடிக்கையாளர் வகை 'டீலர்' என்று இருந்து, டீல் ஆர்டர் கட்டத்துக்கு வரும்போது மட்டும் கேட்டால் போதும். இன்வாய்ஸ் போடுபவருக்கு அந்த எண் அப்போதுதான் தேவைப்படும். முதல் சந்திப்பில் யாரும் ஜிஎஸ்டி எண்ணைக் கையில் கொடுப்பதில்லை. இது வேலிடேஷன் ரூலுக்கு உரிய இடம்.

இரண்டாவது: எண்ணின் நடுவில் இருக்கும் பத்து எழுத்துகள் பான் ஃபீல்டோடு ஒத்துப்போகின்றனவா? 'மிட்' என்ற ஃபங்ஷனால் மூன்றாவது எழுத்திலிருந்து பத்து எழுத்தை வெட்டியெடுத்து, பான் ஃபீல்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று நிச்சயம் தப்பு. வழக்கமான டீலர் பதிவுகளில் இதற்கு விதிவிலக்கு கிடையாது. அதனால் தயங்காமல் தடுக்கலாம். ரூலில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வேலிடேஷன் ரூல் கேட்பது தவறான நிலையை. ஃபார்முலா 'ட்ரூ' என்று வந்தால் சேவ் நிற்கும். புதிதாக எழுதுபவர்கள் பழக்கத்தில் சரியான நிலையை எழுதிவிட்டு, நல்ல ரெக்கார்டெல்லாம் ஏன் நிற்கிறது என்று குழம்புவார்கள்.

மூன்றாவது: முதல் இரண்டு இலக்கமும் பில்லிங் முகவரியில் உள்ள மாநிலமும் பொருந்துகின்றனவா? பார்த்தால் இதுவும் அதே மாதிரிச் சோதனைதான். ஆனால் இதைத் தடுக்கக் கூடாது. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே வியாபாரம் செய்பவருக்கு இரண்டு மாநிலத்திலும் பதிவு இருக்கலாம். கோவை முகவரி கொடுத்துவிட்டு 32-இல் தொடங்கும் எண்ணைத் தருவார். முகவரியோ எண்ணோ தப்பாகவும் இருக்கலாம், இரண்டுமே சரியாகவும் இருக்கலாம். இங்கே தடுத்தால் சேல்ஸ்காரர் சேவ் ஆனால் போதும் என்று முகவரியை மாற்றிவிடுவார், சரியாக இருந்த தகவலை நாமே கெடுத்தவர்களாவோம். ஃபார்முலா ஃபீல்டில் 'மாநிலம் பொருந்தவில்லை, சரிபார்க்கவும்' என்று காட்டினால் போதும். கணக்குப் பிரிவில் ஒருவர் வாரம் ஒருமுறை அந்த ரிப்போர்ட்டைத் திறந்து பார்க்கட்டும்.

நான்காவது: எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்திருக்கிறார், அல்லது வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்ததில் முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இதற்குப் போய் சிவப்பு எழுத்தில் எர்ரர் காட்டுவது அநியாயம். ஃப்ளோவில் 'ட்ரிம்' போட்டு இடைவெளியை வெட்டி, 'அப்பர்' போட்டுப் பெரிய எழுத்தாக்கிவிடலாம். சேவுக்கு முந்தைய ஃப்ளோ, வேலிடேஷன் ரூலுக்கு முன்பே ஓடிவிடும். அதாவது ரூலின் கைக்கு வரும்போதே எண் சுத்தமாக இருக்கும். இந்த வரிசையை அறியாமல், ரூலுக்குள்ளேயே சின்ன எழுத்துக்கும் இடைவெளிக்கும் இடம் கொடுத்து முழ நீளத்துக்கு ஃபார்முலா எழுதுபவர்கள் நிறைய.

ஒரே ஃபீல்டில் வரும் நான்கு குறைகளில் இரண்டுக்குத் தடை, ஒன்றுக்கு எச்சரிக்கை, ஒன்றுக்குத் தானியங்கித் திருத்தம். குறை எதனால் வருகிறது, அதைச் சரிசெய்யும் தகவல் அந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் எதை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

பழைய ரெக்கார்டும் கடந்துபோகும் தேதியும்

இந்த இரண்டு விஷயத்தில் வேலிடேஷன் ரூலுக்குக் கைகட்டு. அது ரெக்கார்டை யாராவது சேவ் செய்யும்போதுதான் விழிக்கும்.

டீல் முடியும் தேதியை மார்ச் 31 என்று போட்டு பிப்ரவரியில் சேவ் செய்கிறார்கள். அன்றைக்கு அது சரியான தேதி, ரூல் ஒன்றும் சொல்லாது. ஏப்ரலும் மே மாதமும் போய்விடும். டீல் திறந்தபடியே, செத்த தேதியோடு, எதிர்பார்ப்புக் கணக்கைக் குழப்பிக்கொண்டு கிடக்கும். யாரும் தொடாதவரை ரூலுக்கு அது தெரியவே தெரியாது. ஃபார்முலா ஃபீல்ட் அப்படியல்ல. அதன் மதிப்பு எங்கும் சேமித்து வைக்கப்படுவதில்லை, பார்க்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. 'டுடே' ஃபங்ஷனிலிருந்து முடிவுத் தேதியைக் கழித்து, டீல் இன்னும் மூடப்படவில்லை என்ற நிபந்தனையையும் சேர்த்தால், தேதி தாண்டி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒவ்வொரு டீலுக்கும் எதிரே நிற்கும். காலத்தால் கெடும் தகவலுக்கு இதைத் தவிர வேறு வழி தேடாதீர்கள்.

பழைய ரெக்கார்டுகளில் ரூல் செய்வது வேறுவிதமான தொல்லை. இன்று புதிதாக ஒரு ரூல் போடுகிறோம். நாளை ஒருவர் ஐந்து வருடத்துக்கு முந்தைய டீலர் ரெக்கார்டில் போன் நம்பரை மட்டும் மாற்ற வருகிறார். அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லாத ஒரு ஃபீல்டைச் சொல்லி எர்ரர் வருகிறது. போன் நம்பர் மாறாமலே போய்விடுகிறது! ரூலை ஒரு நிகழ்வோடு கட்டிவைத்தால் இது நேராது. 'இஸ்சேஞ்ச்டு' ஃபங்ஷனைப் போட்டு, டீலின் கட்டம் மாறும்போது மட்டும் சோதிக்கச் சொல்லலாம். புது ரெக்கார்டுக்கு மட்டும் என்றால் 'இஸ்நியூ' இருக்கிறது. ஃபார்முலா ஃபீல்டுக்கு இந்தக் கவலையே இல்லை, உருவாக்கிய அன்றே எல்லாப் பழைய ரெக்கார்டுக்கும் மதிப்பு வந்துவிடும். சுத்தப்படுத்தும் வேலையைத் தொடங்குவதற்கு முன் நிலைமை எவ்வளவு மோசம் என்று அளக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

அதற்கும் ஒரு குறை உண்டு. சேமிக்கப்படாத மதிப்பு என்பதால் சென்ற மாதம் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஃபீல்ட் ஹிஸ்டரியும் கிடைக்காது. முன்னேற்றத்தைக் காட்ட வேண்டுமானால் ரிப்போர்ட்டிங் ஸ்னாப்ஷாட் வைத்து அவ்வப்போது எடுத்துச் சேமிக்க வேண்டும்.

மதிப்பெண் ஃபார்முலா பொய் சொல்லும் இடங்கள்

போன் இருந்தால் 20, ஈமெயில் இருந்தால் 20 என்று கூட்டி, நூற்றுக்கு மதிப்பெண் போடும் ஃபார்முலா ஃபீல்டைப் பலரும் வைத்திருப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 100 என்று காட்டும் ரெக்கார்டில் தொகை காலியாக இருப்பதைப் பார்க்கலாம். ஃபார்முலா எழுதும் பக்கத்தின் அடியில், காலி ஃபீல்டைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதா, காலியாகவே எடுத்துக்கொள்வதா என்று ஒரு தேர்வு இருக்கும். பூஜ்யம் என்று விட்டுவிட்டால், எண் ஃபீல்ட் காலியா என்று 'இஸ்பிளாங்க்' கேட்கும்போது எப்போதும் இல்லை என்றே பதில் வரும். காலி ஃபீல்டுக்கும் மதிப்பெண் கிடைத்துவிடும். மதிப்பெண் ஃபார்முலாவுக்கு 'காலியாகவே எடுத்துக்கொள்' என்பதே சரி.

'இஸ்நல்' என்ற பழைய ஃபங்ஷனும் இதே குழியில் தள்ளும். டெக்ஸ்ட் ஃபீல்டை அது ஒருபோதும் காலி என்று சொல்லாது. இணையத்தில் கிடைக்கும் பழைய ஃபார்முலாவை எடுத்து ஒட்டுபவர்கள் அதை 'இஸ்பிளாங்க்' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பிக்லிஸ்ட் ஃபீல்ட் என்றால் முதலில் 'டெக்ஸ்ட்' ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

இன்னொன்று: நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் கேட்கும் மதிப்பெண், ஆரம்பத்தில் சொன்ன 9999999999-க்கும் முழு மதிப்பெண் கொடுக்கும். வடிவத்தைச் சோதிக்கும் 'ரெஜெக்ஸ்' ஃபங்ஷன் வேலிடேஷன் ரூலில் உண்டு, ஃபார்முலா ஃபீல்டில் கிடையாது. இந்திய மொபைல் எண் 6 முதல் 9 வரை ஏதோ ஓர் இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கம் என்று ரூலில் ஒரே வரியில் சொல்லிவிடலாம், 9999999999 போன்ற போலி எண்களை மட்டும் தனியாக விலக்க வேண்டும். ஃபார்முலா ஃபீல்டில் 'லென்' வைத்து நீளத்தையும், 'லெஃப்ட்' வைத்து முதல் இலக்கத்தையும், அடிக்கடி வரும் போலி எண்களைப் பெயர் சொல்லியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொத்தம் 3,900 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே ஃபார்முலாவில் திணிக்க முடியாது. தொடர்புத் தகவலுக்கு ஒன்று, டீல் தகவலுக்கு ஒன்று என்று பிரித்து எழுதினால், எங்கே ஓட்டை என்பதும் சட்டென்று தெரியும்.

மதிப்பெண்ணை இன்சென்டிவோடு மட்டும் கட்டிவிடாதீர்கள். பணம் என்று வந்துவிட்டால் நூறு வாங்கும் வழியை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், தகவல் பழையபடி கெடும்.

ஒரே வாடிக்கையாளர் இரண்டு பெயரில் இருப்பதை வேலிடேஷன் ரூல், ஃபார்முலா ஃபீல்ட், ஃப்ளோ மூன்றுமே பெரிதாகக் கண்டுபிடிக்காது. ஃபார்முலா ஃபீல்ட் தன் ரெக்கார்டையும் அதற்கு மேலே இணைந்திருப்பதையும்தான் பார்க்கும், பக்கத்து ரெக்கார்டைப் பார்க்காது. அதற்கு டூப்ளிகேட் ரூல் என்று தனியாகவே இருக்கிறது.

ஸோஹோவில் எப்படி

சென்னையில் வளர்ந்த ஸோஹோ சிஆர்எம்மிலும் ஃபார்முலா ஃபீல்ட், வேலிடேஷன் ரூல் இரண்டும் உண்டு. ஃபார்முலா எழுதுவதில் சேல்ஸ்ஃபோர்ஸுக்கு வலு அதிகம் என்றே சொல்வேன். ஆனால் நிபந்தனையோடு கட்டாயமாக்கும் வேலைக்கு ஸோஹோவில் ஃபார்முலாவே தேவையில்லை. லேஅவுட் ரூலில் 'வகை டீலர் என்றால் ஜிஎஸ்டி ஃபீல்டைக் காட்டு, கட்டாயமாக்கு' என்று மவுஸாலேயே அமைத்துவிடலாம். ப்ளூபிரின்ட் இன்னும் ஒரு படி மேல்: ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும் அந்த நொடியில், தேவையான ஃபீல்டுகளை மட்டும் எடுத்து நீட்டிக் கேட்கும். முடித்த பிறகு எர்ரர் காட்டுவதைவிட முன்னாலேயே கேட்பது மரியாதையான முறை. சிறிய டீம், சிஆர்எம்முக்கென்று தனி ஆள் இல்லை என்றால் நான் ஸோஹோ பக்கம்தான் கை காட்டுவேன்.

சேல்ஸ்ஃபோர்ஸ் பழகிவிட்டு அங்கே போகிறவர்கள் ஓர் இடத்தில் கவனம். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் நாள் கணக்கு வரும். ஸோஹோவில் 'டேட்காம்ப்' ஃபங்ஷன் வித்தியாசத்தை நிமிடத்தில் தரும். 1440-ஆல் வகுக்க மறந்தால், இரண்டு நாள் தாமதமான டீல் 2880 என்று காட்டும்.

ரூல் போடும் முன் கேட்க வேண்டியது

வேலிடேஷன் ரூல் ஆட்களை மட்டுமல்ல, மெஷினையும் தடுக்கும். எக்செலிலிருந்து டேட்டா லோடர் என்ற கருவியில் மொத்தமாக ஏற்றும் வரிசைகள், பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து ஏபிஐ என்ற இணைப்பு வழியாக வருபவை எல்லாமே அதில் முட்டும். வெப்சைட் ஃபாரத்தில் ஒருவர் தன் பெயரையும் போனையும் கொடுத்திருக்கிறார், நம் ரூல் ஊர்ப்பெயர் வேண்டும் என்கிறது. அந்த லீடு, அதாவது விசாரித்து வந்தவரின் பதிவு, உருவாகவே உருவாகாது. விசாரித்து வந்த வாடிக்கையாளர் பதிலுக்குக் காத்திருப்பார், நமக்கோ அவர் வந்தது தெரியாமலே போகலாம். லீடு மீது எந்த ரூலையும் போடுவதற்கு முன் வெப்சைட் ஃபாரத்தை ஒருமுறை நிரப்பி அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

இப்படி வேறு சாஃப்ட்வேருக்காக வைத்திருக்கும் இன்டக்ரேஷன் யூசருக்கு விலக்கு வேண்டுமென்றால் ரூலில் ப்ரொஃபைல் (யூசர் வகை) பெயரை எழுதாமல், கஸ்டம் பெர்மிஷன் என்ற தனி அனுமதி ஒன்றை உருவாக்கி, அது இல்லாதவர்களுக்கு மட்டும் சோதிக்கச் சொல்லுங்கள். ப்ரொஃபைல் பெயர் நாளை மாறினாலும் ரூலைத் தொட வேண்டியிருக்காது.

அப்புறம் எர்ரர் வாசகம். 'தவறான மதிப்பு' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. "டீலர் ஆர்டருக்கு ஜிஎஸ்டி எண் வேண்டும். கையில் இல்லை என்றால் கட்டத்தை 'விலை பேசுகிறோம்' என்றே வைத்துச் சேவ் செய்யுங்கள்" என்று எழுதுங்கள். எண் இல்லாதவருக்கு உண்மையைச் சொல்லியே வெளியேற ஒரு வழி அதில் இருக்கிறது. அந்த வழியை வைக்காமல் ரூலை ஆக்டிவ் செய்யாதீர்கள்.