செலினியம் பாட்டிலோடு எட்டு வருடம்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரே படம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை மாட்டியிருக்கிறது. காசிமேட்டில் எடுத்தது. வலை பின்னுகிற ஒருவரின் கைகள், பின்னால் வெளிறிய வானம். ஒரே நெகட்டிவ், ஒரே ஆர்.சி. பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சு உள்ளது), 2018 பொங்கல் லீவில் ஒரே சாயங்காலம் போட்ட பிரிண்ட்கள். ஒன்றைச் செலினியம் டோனரில், அதாவது படத்தின் நிறத்தை மாற்றி அதைக் காக்கவும் செய்கிற ரசாயனக் கரைசலில், போட்டு எடுத்தேன், இன்னொன்றை அப்படியே விட்டேன். "எதுக்குப்பா ஒரே போட்டோ ரெண்டு?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. 2021-ல் ஹாலுக்குப் பெயின்ட் அடித்தோம். அடுத்த சில மாதங்களில், டோனர் போடாத படத்தில் வானத்துக்கும் விரல்களுக்கும் நடுவில் செம்பு நிறப் புள்ளிகள் கிளம்பின. கறுப்புப் பகுதியைச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளி முலாம் பூசியது போல ஒரு பளபளப்பு. டோனர் போட்ட படம் ஏறக்குறைய அன்று இருந்தபடியே இருக்கிறது. வானத்தின் மிக வெளிர்ந்த மூலையில் மட்டும் கடுகு அளவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு அப்புறம் வருகிறேன்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளி. புதுப் பெயின்ட், புதுப் பலகை, வண்டிப் புகை இவற்றிலிருந்து வரும் பெராக்சைடு, கந்தக வாயு போன்றவை அந்த வெள்ளியை அரிக்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைபட்ட ஆர்.சி. பேப்பரில் இந்தத் தொல்லை அதிகம். செலினியம் டோனர் அந்த வெள்ளியைச் சில்வர் செலினைடாக மாற்றிவிடும். அது லேசில் அசையாது. நிறம் மாறுவது கூடவே வரும் சங்கதிதான். ஆனால் நான் ஆரம்பித்தது நிறத்துக்கு ஆசைப்பட்டுத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வைத்திருப்பது கோடாக் ரேபிட் செலினியம் டோனர், திரவமாக பாட்டிலில் வருவது. திறந்தவுடன் அமோனியா நெடி மூக்கில் ஏறும், அதனால் மொட்டை மாடியில்தான் வேலை. இதற்கு இருட்டு தேவையில்லை என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பிக்ஸ் ஆன, அதாவது பிக்ஸர் கரைசலில் மிச்ச வெள்ளி உப்பைக் கரைத்து எடுத்துவிட்ட, பிரிண்ட்டுக்கு வெளிச்சம் ஒன்றும் செய்யாது. நாள் முழுக்க சிவப்பு விளக்கடியில் குனிந்து நின்றவனுக்கு, காலை ஏழு மணி வெயிலில் தட்டை ஆட்டிக்கொண்டு நிற்பது கிட்டத்தட்ட பிக்னிக்.

இரண்டு தட்டு வைப்பேன். ஒன்றில் டோனர், பக்கத்துத் தட்டில் வெறும் தண்ணீரும் டோனர் போடாத அதே பிரிண்ட்டின் நகலும். இந்த நகல் இல்லாமல் டோனிங் செய்யவே கூடாது. நிறம் அத்தனை மெதுவாக நகரும், கண் அதற்குப் பழகிவிடும், 'ஒன்றும் ஆகவில்லையே' என்று நின்றுகொண்டே இருப்போம். நகலைப் பக்கத்தில் வைத்தால்தான் இது ஒலிவ் பச்சை கலந்த கறுப்பு, அது கத்திரிக்காய்த் தோல் கறுப்பு என்று பிடிபடும். முதலில் நிழல் பகுதி ஆழமாகும், கறுப்புக்கு இன்னும் ஒரு படி கறுப்பு கிடைக்கும். அங்கேயே எடுத்துவிட வேண்டும். கழுவும்போதும் கொஞ்ச நேரம் நிறம் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். வேண்டிய நிறம் வந்த பிறகு எடுத்தால், காய்ந்த படம் அதைத் தாண்டிப் போயிருக்கும்.

முதல் வருடம் எனக்கு இந்த நிதானம் இல்லை. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, இல்ஃபோர்ட் மல்டிகிரேடு வார்ம்டோன் ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சு இல்லாதது) பிரிண்ட்களை அதில் ஊற வைத்து, எல்லாப் படத்தையும் சாக்லேட் ஊதாவாக்கிவிட்டேன். வார்ம்டோன் பேப்பரில் குளோரைடு அதிகம், வெள்ளித் துகள் மிக நுண்ணியது, அதனால் அது நிறத்தை அள்ளிக்கொள்ளும். சாதாரண மல்டிகிரேடு பேப்பர் அதே தட்டில் அதே நேரம் கிடந்தும் ஒரு சொட்டு ஊதாதான் காட்டும். இது தெரியாமல் 'பாட்டில் கெட்டுப்போச்சு' என்று விற்றவரோடு சண்டை போட்டவன் நான். இப்போது எனக்கு ஒன்றுக்கு ஒன்பது போதும். அந்த சாக்லேட் படங்களை இன்று பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணை, ஒரு பாட்டி, ஒரு சைக்கிள், எல்லாம் நாவல்பழம் சாப்பிட்ட வாய் மாதிரி.

அதே வருடம் இன்னொரு கூத்தும் நடந்தது. நான்கு ஃபைபர் பிரிண்ட்களை டோனரில் போட்டேன். படம் நிறம் மாறுவதற்கு முன்னாலேயே ஓரத்து வெள்ளை மஞ்சளாகத் திட்டுத் திட்டாக மாறியது. மயிலாப்பூரில் ஒரு பழைய ஸ்டுடியோவில் முப்பது வருடம் டார்க் ரூம் பார்த்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். படத்தை வாங்கித் திருப்பி, முதுகுப் பக்கத்தை முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இந்த ஹைப்போல எத்தனை பிரிண்ட் போட்ட?"

"ஒரு முப்பது இருக்கும் ஐயா."

"டோனரைக் குத்தம் சொல்லாத. ஹைப்போ செத்துப்போச்சு. அது உள்ள இருந்ததைத்தான் இது வெளிய சொல்லுது."

அவர் சொன்னது சரி. ஹைப்போ என்று அவர் சொன்னது பிக்ஸரைத்தான். அது களைத்துப்போனால் அதில் கரைந்த வெள்ளிச் சேர்மங்கள் காகித நாரிலேயே தங்கிவிடும். சாதாரணமாக அது கண்ணுக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்துத் தெரியும். செலினியம் பட்டதும் அங்கேயே கறை ஆகிவிடும். அதற்கப்புறம் ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிரிண்ட்டின் வெள்ளை ஓரத்தில், கழுவி ஒற்றி எடுத்தபின், ஒன்றுக்கு ஒன்பது டோனரை ஒரு சொட்டு விட்டு மூன்று நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்கிறேன். வெள்ளையாகவே இருந்தால் பிக்ஸ் சரி. மஞ்சள் தெரிந்தால் புது பிக்ஸரில் மறுபடி. எட்டு வருடத்தில் டோனர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் இந்த ஒரு சொட்டுதான். அதுவரை பிக்ஸிங்கும் வாஷிங்கும் நான் கடனே என்று செய்த வேலைகள்.

பெரியவர் அன்று இன்னொன்றும் காட்டினார். அறுபதுகளில் எடுத்த கல்யாணப் போட்டோ, மஞ்சள் பழுப்பாக வெளிறியது. "இது செபியான்னு நினைக்கிறாங்க. இது சரியாக் கழுவாத போட்டோ." ஹைப்போ மிச்சம் இருந்தால் அது நாளாவட்டத்தில் சிதைந்து, வெள்ளியைச் சில்வர் சல்ஃபைடாக்கி அரித்துவிடும். வேடிக்கை என்னவென்றால், படத்தைப் பழுப்பாக்குகிற செபியா டோனிங்கில் நாம் வேண்டுமென்றே செய்வதும் அதே சில்வர் சல்ஃபைடுதான். அளவோடு முழுதாகச் செய்தால் படம் நிலைக்கும், தானாக அரைகுறையாக நடந்தால் படம் போய்விடும்.

சென்னைக்கென்று இரண்டு பிரச்சினை: சூடு, தண்ணீர். மே மாதம் மாடியில் தட்டுத் தண்ணீர் 34 டிகிரி. டிசம்பரில் ஆறு நிமிடம் எடுக்கிற டோனிங் அப்போது மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும், ஜெலட்டினும் இளகி நகம் பட்டால் கீறல் விழும். பெரிய தட்டில் ஐஸ் தண்ணீர், அதற்குள் டோனர் தட்டு என்று வைத்து 24-க்குக் கொண்டுவருவேன். தண்ணீர்தான் பெரிய கதை. ஃபைபர் பேப்பரை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, தெருவில் குடங்கள் லாரிக்கு வரிசை கட்டியிருந்தபோது குழாயைத் திறந்துவிட்டுப் படம் கழுவ மனசு வருமா? அந்த நான்கு மாதம் ஃபைபர் பேப்பரைத் தொடவே இல்லை. அப்புறம் முறையை மாற்றினேன். புது ரேபிட் பிக்ஸரில் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் கழுவல், மிச்ச ஹைப்போ சீக்கிரம் வெளியேற இரண்டு சதவீத சோடியம் சல்ஃபைட் கரைசலில் பத்து நிமிடம், டோனர், மறுபடி சல்ஃபைட், கடைசியாகத் தட்டில் தண்ணீரை நிரப்பி ஐந்து நிமிடம் ஊற வைத்துக் கொட்டி, இப்படி ஆறேழு தடவை. குழாயைத் திறந்தே வைப்பதில் கால்வாசித் தண்ணீர்கூட ஆகாது. பிந்தைய கழுவல் தண்ணீர் பாத்ரூமுக்குப் போகும், செடிக்குப் போகாது.

இப்போது அந்தக் கடுகுப் புள்ளி. செலினியம் நிழலில் தொடங்கி மெதுவாக மேலே வரும். நீர்த்த கரைசலில் சீக்கிரம் எடுத்துவிட்டால் வெளிர் பகுதியில் இருக்கும் கொஞ்ச வெள்ளி மாறாமலே தங்கிவிடும். அமெரிக்காவில் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் மைக்ரோஃபிலிம்களை வைத்துச் செய்த சோதனைகளிலும் இதைத்தான் பார்த்தார்கள்: நீர்த்த செலினியம் அடர்த்தி குறைந்த இடங்களைப் போதுமான அளவு காப்பதில்லை, கந்தகம் தரும் டோனர் அதைவிட நன்றாகக் காக்கிறது. செபியாவும் கந்தக டோனர்தான், அது செலினியத்துக்கு நேர் எதிராக வேலை செய்யும். முதலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த பிளீச்சில் படம் வெளுக்கும், அதுவும் வெளிர் பகுதியிலிருந்து. அப்புறம் டோனரில் போட்டால் வெளுத்த இடம் பழுப்பாகத் திரும்பி வரும். ஆகவே லேசான பிளீச்சில் இருபது நொடி காட்டி, கழுவி, செபியா, மறுபடி நன்றாகக் கழுவி, செலினியம் என்று போனால் இரண்டு முனையும் மூடிக்கொள்கிறது. வானம் தந்தம் மாதிரி, நிழல் குளிர்ந்த கறுப்பு. இப்போது நான் யாருக்காவது கொடுக்கிற படம் எல்லாம் இப்படித்தான். செபியாவில் அடர்த்தி கொஞ்சம் குறையும், அதனால் பிரிண்ட்டுக்குக் கால் ஸ்டாப், அதாவது கொஞ்சம், கூடுதலாக வெளிச்சம் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

செபியா என்ற பெயர் கணவாய் மீனிலிருந்து வந்தது, அதன் மை அந்த நிறம். ஆனால் சோடியம் சல்ஃபைடில் செபியா செய்தால் மீன் வாடை எவ்வளவோ தேவலை. அழுகிய முட்டை. ஒருமுறை மழை என்று டார்க் ரூமுக்குள்ளேயே செய்தேன். அம்மா கீழே கேஸ் கசிகிறது என்று சிலிண்டரை மூடிவிட்டு, "டேய், உள்ள என்னடா செத்துக் கெடக்குது?" என்று கத்தினார். நாற்றம் மறுநாள் போய்விட்டது. மூடி சரியாகப் போடாத பேப்பர் பெட்டி ஒன்று மட்டும் அந்த வாயு பட்டு முழுக்கச் சாம்பல் பூத்துவிட்டது, எழுபது தாளுக்கு மேல். அதோடு சோடியம் சல்ஃபைடை விட்டுத் தயோயூரியா கலந்த செபியா டோனருக்கு மாறினேன். நாற்றம் கிடையாது, கூடவே நிறத்தையும் நம் கையில் கொடுக்கும். காஸ்டிக் சோடா கூட்டினால் அடர்ந்த பழுப்பு, குறைத்தால் மஞ்சள் பழுப்பு. எல்லாம் பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடையில் கிடைக்கிறது, செலினியத்தில் ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்குதான். கையுறை கட்டாயம். தயோயூரியா உடம்புக்கு ஆகாத பொருள். ஃபெரிசயனைடு பக்கத்தில் கடும் அமிலத்தைக் கொண்டுபோகவே கூடாது.

இரும்பு நீல டோனரும் வாங்கிப் பார்த்தேன். தட்டில் அற்புதமான நீலம், எங்கள் போர் தண்ணீரில் அரை மணி கழுவியதும் பாதி காணோம். பிரஷ்யன் நீலம் காரத்தைத் தாங்காது, எங்கள் தண்ணீரோ கார ஜாதி. கேன் தண்ணீரில் இரண்டு சொட்டு அசெட்டிக் ஆசிட் விட்டுக் கழுவினால் நிற்கிறது. நிற்கிறது என்பதற்காகச் செய்ய வேண்டுமா என்றால், எனக்கு வேண்டாம். காப்பி டிக்காஷனில் ஊற வைப்பதும் அப்படியே. காகிதம் கறை பிடிக்கும், வெள்ளிக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. டிக்காஷனைக் குடித்துவிடலாம்.

நெகட்டிவுக்கும் செலினியம் உதவும், இதைப் பலர் முயல்வதில்லை. குறைவாக டெவலப் ஆன எச்.பி.5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் ஒன்றை ஒன்றுக்கு மூன்றில் எட்டு நிமிடம் போட்டேன். கிட்டத்தட்ட ஒரு கிரேடு கான்ட்ராஸ்ட் ஏறியது, கிரெயின் கூடியது போலத் தெரியவில்லை. இல்லாத நிழலை அது கொண்டுவராது, இருப்பதைத்தான் தூக்கிக் கொடுக்கும்.

குறை என்றால் பூஞ்சை. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் டோனர் போட்ட படம், போடாத படம் என்ற பேதம் பூஞ்சைக்கு இல்லை. அது தின்பது ஜெலட்டினை. படங்களைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைப்பதைத் தவிர வேறு வழி எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு குறை, கிடைப்பது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், திரவம் என்று கூரியரில் இழுத்தடிப்பார்கள். கடைசி பாட்டிலுக்கு நான்கு மாதம் காத்திருந்தேன். நல்லவேளை, இது சீக்கிரம் தீராது. கலந்த கரைசலை நான் கொட்டுவதே இல்லை. கறுப்பாகப் படிவு இறங்கும், ஃபில்டர் பேப்பரில் வடிகட்டி, வேகம் குறைந்தால் கொஞ்சம் புதுசு ஊற்றிக்கொள்வேன். இப்போது தட்டுக்குப் போகிற கரைசலின் அடிப்படை 2020-ல் கலந்தது. செலினியத்தைச் சாக்கடையில் ஊற்ற வேண்டிய அவசியமும் அநேகமாக வரவில்லை.

போன வாரம் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன், அடியில் இரண்டு விரல் அளவு இருக்கிறது. ஹாலில் புள்ளி விழுந்த படத்தைக் கழற்றிவிட்டு அதே நெகட்டிவை ஃபைபரில் போட்டு, செபியாவும் செலினியமும் சேர்த்து டோன் செய்யலாம் என்றிருந்தேன். அம்மா வேண்டாம் என்கிறார். கேட்கிறவர்களுக்குக் காட்ட அது இருக்கட்டுமாம்.