பிளக் மாற்றியதும் வண்டி வெடிக்கிறதா? கார்புரேட்டரைத் தொட விடாதீர்கள்

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் போன மாதம் எனக்கு 7,230 ரூபாயும் பதினோரு நாளும் போயின. பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னுடையது 1998 மாடல் மாருதி ஜென். 993 சிசி, நாலு சிலிண்டர், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. அப்பா வாங்கியது. ஆர்சியைப் புதுப்பித்து இன்னும் ஓட்டுகிறோம். காலையில் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் அடம்பிடித்ததால், எஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கையும், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் பிளக் வொயரையும் மாற்றச் சொல்லி விட்டேன். பொருளும் கூலியும் சேர்த்து 2,430 ரூபாய்.

மாலையில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் முதல் சிக்னலிலேயே தெரிந்துவிட்டது. ஐடிலில் வண்டியே ஆடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பானெட்டுக்குள் பட் பட்டென்று துப்புகிறது, பின்னால் சைலன்சரில் டமார் என்று வெடிக்கிறது. பக்கத்து ஸ்கூட்டரில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டு அழுதது. அப்படியே திருப்பிக் கொண்டுபோய் விட்டேன்.

"பழைய வண்டிங்க, கார்புரேட்டர் போயிருக்கும்" என்றார் முதலாளி. கழற்றிச் சுத்தம் செய்ததாகச் சொல்லி எட்டு நாள் கழித்து 4,800 வாங்கினார். சத்தம் அப்படியே இருந்தது. மறுபடி மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, வால்வு எரிந்துவிட்டது, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்க வேண்டும், 18,000 ஆகும் என்றார். நான் ஓட்டிவந்து விட்ட அன்று காலை இந்தச் சத்தமே இல்லையே என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சிங்காநல்லூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும் மெக்கானிக். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வொயர் மாத்துனப்புறந்தானுங்களே வெடிக்குது? அப்ப வொயரைத்தானுங்க மொதல்ல பாக்கோணும்" என்றார்.

நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாகத் துணிமேல் வைத்தார். ஒன்றும் இரண்டும் காய்ந்து இளம்பழுப்பாக இருந்தன. மூன்றும் நாலும் கருத்து, பெட்ரோலில் நனைந்திருந்தன. அப்புறம், ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்து மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து (கேப்) ஒவ்வொரு வொயரையும் விரலால் தடவிக்கொண்டே பிளக் வரை போனார். மூன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டியது நாலாவதில் இருந்தது, நாலாவதற்கானது மூன்றில். பிடுங்கி மாற்றிச் சொருகினார். சாவியைத் திருப்பியதும் வண்டி பழையபடி சீராக ஓடியது. இருபது நிமிஷ வேலை. 200 ரூபாய் கேட்டார்.

இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசை 1-3-4-2. இரண்டு வொயர் மாறினால் வண்டி மீதி இரண்டு சிலிண்டரில் ஓடும், அதனால் பலருக்கு வொயர்மேல் சந்தேகமே வராது. நாலாவது சிலிண்டருக்குப் பொறி அரைச்சுற்று முன்னாலேயே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பெட்ரோல் உள்ளே வரும் வால்வு இன்னும் முழுதாக மூடியிருக்காது, தீ கார்புரேட்டர் வழியாகத் துப்புகிறது. மூன்றாவதற்கு அரைச்சுற்று தாமதம். அதற்குள் புகை வெளியேறும் வால்வு திறந்துவிட்டதால், அந்தத் தீ சைலன்சருக்குள் போய் வெடிக்கிறது. முன்னாலும் பின்னாலும் சத்தம் கேட்டதற்கு இதுதான் காரணம். வொயர் சரியாக இருந்தும் வெடித்தால், பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கீறல் விழுந்திருக்கிறதா, பிளக் முனையில் பொறி தாவும் இடைவெளி விரிந்திருக்கிறதா, வேலை செய்யும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சும் சின்ன ரப்பர் குழாய் (வேக்குவம் ஓஸ்) ஏதாவது கழன்றுவிட்டதா என்று பார்க்கச் சொன்னார். இவை எதற்கும் ஹெட்டை இறக்க வேண்டியதில்லை. வெடிக்கிற வண்டியை அப்படியே ஓட்டவும் கூடாது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியென்றால், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும்.

வொயர் மாறிப்போனது கைத்தவறு, யாருக்கும் நடக்கும். அதை நான் மன்னித்துவிடுவேன். ஆனால் சிங்காநல்லூர் மெக்கானிக் டார்ச் அடித்துக் காட்டிய இன்னொன்றை மன்னிக்க முடியவில்லை. கார்புரேட்டர் நட்டுகளின்மேல் பல வருட எண்ணெய்ப்பிசுக்கும் தூசியும் கெட்டியாகப் படிந்திருந்தன. ஸ்பானர் பட்ட தடம் ஒன்றுகூட இல்லை. 4,800 ரூபாய்க்கு அதைத் தொடவே இல்லை! படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வொயர் மாற்றக் கொடுக்கும் முன் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் வொயர்களையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். துண்டுச்சீட்டில் எழுதித் தந்தால் ஒப்புக்கொள்ளாமல் முறையான பில் கேளுங்கள். என்னிடம் இருப்பது துண்டுச்சீட்டுதான்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது. படங்களையும் சீட்டையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.