மாஸ்க்கும் மீசையும்: ஆறு வருடக் கணக்கு

போன வாரம் என் டைவிங் மாஸ்க்கின் வார் அறுந்தது. மாற்று வாரை வாங்கி பக்கிளுக்குள் நுழைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து நண்பனிடமிருந்து செய்தி. "மூணு மாசம் பையைத் தூக்கிட்டு ஊர் சுத்தப் போறேன். நடுவுல ஒரு கடற்கரை ஊர்ல தங்கி ஸ்கூபா கத்துக்கலாமா?" ஆறு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தவன், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓப்பன் வாட்டர் எனப்படும் ஆரம்பச் சான்றிதழுக்கு மூன்று நான்கு நாள் ஆகும். கொஞ்சம் பாடம், குளத்தில் பழக்கம், கடலில் நான்கு டைவ், 18 மீட்டர் ஆழம் வரை அனுமதி. இதெல்லாம் அவனே தேடிப் படித்திருப்பான். என் தகராறு மாஸ்க்கோடு மட்டும்தான்.

மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு தோலோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் தண்ணீர் வராது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் முடி இருந்தால் அதன் வழியே கசிந்துகொண்டே இருக்கும். முதல் நாள் குளத்தில், மாஸ்க்கில் பாதித் தண்ணீர் விட்டு வெளியேற்றிக் காட்டச் சொல்லி பயிற்சியாளர் சைகை செய்தார். நான் விட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திப் பிடித்து, தலையை மெல்ல நிமிர்த்தி, மூக்கால் ஊத வேண்டும். நான் பதற்றத்தில் உறிஞ்சிவிட்டேன். மூச்சுவிட வாயில் கடித்திருக்கும் ரெகுலேட்டரைக் கடித்தபடியே அதற்குள் இருமலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, எனக்கும் மண் ஒட்டவில்லை. தண்ணீர்தான் புகுந்தது.

"முழுசா எடுக்க வேணாம், மூக்குக்குக் கீழ ஒரு கோடு மட்டும் மழிச்சுக்குங்க" என்றார் பயிற்சியாளர். தங்கும் விடுதியின் பொதுக் குளியலறையில், பின்னால் இரண்டு பேர் வரிசையில் நிற்க, மழித்தேன். மீசை மூக்கை விட்டுக் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனதுபோல் இருந்தது. கசிவு நின்றது, இரண்டே நாளைக்கு. மூன்றாம் நாள் முளைத்த குச்சி முடி, பழைய மீசையை விட மோசமாகத் தண்ணீரை விட்டது.

இதற்கு நடுவில், முகத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லி பயிற்சி தந்த இடத்திலேயே ஒரு புது மாஸ்க்கை என் தலையில் கட்டினார்கள். புதுக் கண்ணாடியில் தயாரிப்பின்போது ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும், பற்பசை போட்டுத் தேய்த்து எடுக்காவிட்டால் பனி மூடும். அதைச் சொல்லவில்லை. கடலில் என் முதல் டைவ் முழுக்க வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பவளப்பாறை என்று மற்றவர்கள் சொன்னார்கள்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். ஆறு வருடத்தில் கண்ணாடியில் ஒரு கீறல் கிடையாது, விளிம்பு இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது. அப்புறம், டைவுக்கு இருபது தடவை தண்ணீரை ஊதி ஊதி அது கைவந்த கலையாகிவிட்டது. ஒருமுறை 14 மீட்டரில், முன்னால் போனவர் காலில் மாட்டியிருந்த துடுப்பு பட்டு மாஸ்க் கழன்றது. தடவிப் பிடித்து, மாட்டி, ஒரே மூச்சில் ஊதிவிட்டு நிமிர்ந்தால், என் ஜோடி டைவர்தான் கண் பிதுங்க நிற்கிறார். கசியாத மாஸ்க்கோடு கற்றவர்கள் பலருக்கு இந்த நிதானம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஆமையைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் கன்னம் மடியும், மடிந்த இடத்தில் தண்ணீர் வரும். ஆமைக்கு முன்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது பெரிய கொடுமை.

பயணத்தின் நடுவில் கற்பதில் வேறு சங்கடங்களும் உண்டு. ஏசி பஸ்ஸில் இரவு முழுக்க வந்து மூக்கடைத்தால் காதில் அழுத்தம் சமனாகாது, தண்ணீரில் இறங்க முடியாது, ஒரு நாள் போச்சு. பல டைவ் செய்தபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். உயரமான மலைப்பாதையில் போகும் பஸ்ஸுக்கும் அந்த எச்சரிக்கை உண்டு என்பதை நான் டிக்கெட் எடுத்த பிறகுதான் கேள்விப்பட்டேன். டிக்கெட் வீண். ஈரம் காயாத மாஸ்க் பைக்குள் கிடந்து, என் சட்டையெல்லாம் மீன் கூடை வாசம்.

ஆக, கற்றுக்கொள்ளலாமா? வேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன். அவசரமில்லாமல் ஒரு இடத்தில் இருக்கும்போது கற்றுக்கொள்ளட்டும். மாஸ்க்குக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், அதுவும் கண்ணாடிக்காக. புது வார் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, அடுத்த மாதப் பயணத்துக்குப் பையில் வைத்துவிட்டேன்.

நண்பனுக்கு நெஞ்சு வரை தாடி. அதைப் பற்றி இன்னும் பேச்செடுக்கவில்லை.