உளுந்து, நெல், தோட்டம்: புழுவுக்கான உயிரித் தெளிப்புகளில் எது, எந்த நாளில்?

சம்பா அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பு, நெல் நிற்கும்போதே ஈரவயலில் விதைத்த உளுந்து இலை விரித்து நிற்கும் மாசியில்தான், புரொடீனியா என்று டெல்டாவில் சொல்லப்படும் வெட்டுப்புழு வயலில் இறங்குகிறது. உரக்கடையில் உயிரி மருந்து என்று கேட்டால் பி.டி. (பாக்டீரியா), என்.பி.வி. (வைரஸ்), வேம்பு ஆகிய மூன்றில் இருப்பு உள்ளது கைக்கு வரும். ஆனால் இவற்றுள் ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை அங்குலம் வளர்ந்துவிட்ட புழுக்களின் மேல் காலை பத்து மணிக்கு பி.டி. தெளித்து, ஒரு வாரம் காத்திருந்து, உளுந்தில் பாதியை இழந்தேன். மருந்தில் குறையில்லை, நாளும் வேளையும்தான் தவறியிருந்தன.

பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் ஒரு பாக்டீரியா. புழு அதை இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். அதன் நச்சுப் புரதம் குடலின் காரநிலையில் கரைந்து குடற்சுவரைத் துளைக்கிறது. சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்திவிடும், சாவதற்கு இரண்டு மூன்று நாட்களாகும். எனவே மறுநாள் காலையில் புழு உயிரோடு இருப்பதைப் பார்த்துப் பதறி வேறு மருந்தை அடிக்கத் தேவையில்லை. இலையில் புதிய கடி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். என்.பி.வி. வைரஸும் தின்றால்தான் வேலை செய்கிறது, ஆனால் அதற்கு நான்கு முதல் ஏழு நாட்கள் தேவைப்படுகின்றன, அதுவரை புழு ஓரளவு தின்றுகொண்டும் இருக்கும். அந்தத் தாமதத்துக்கு ஈடாக, நோயுற்ற புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கி, உடல் உடைந்து வடிந்து, கீழ் இலைகளில் வைரஸைப் பரப்பிவிடுகிறது, பி.டி. வயலில் இவ்வாறு பெருகுவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 1901இல் ஜப்பானில் இஷிவாட்டா இந்தப் பாக்டீரியாவைக் கண்டறிந்ததே பட்டுப்புழுக்கள் செத்ததை ஆராய்ந்தபோதுதான். ஆகவே மல்பெரித் தோட்டத்துக்கு அருகே பி.டி. கூடாது. வைரஸோ தனக்குரிய புழுவை மட்டுமே தாக்குகிறது. வெட்டுப்புழுவின் வைரஸ், காய் பிடித்தபின் வரும் பச்சைக் காய்ப்புழுவுக்கு உதவாது என்பதால், வாங்கும்போது எந்தப் புழுவுக்கானது என்று கேட்டே வாங்க வேண்டும்.

உளுந்தில் என் தேர்வு என்.பி.வி. முட்டைக் குவியல் மூன்று நான்கு நாட்களில் பொரிந்து, சின்னஞ்சிறு புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்து பச்சையைச் சுரண்டுவதால் அந்த இலை சல்லடை போலாகிவிடும். வரப்போரத்து ஆமணக்கில் இதை முதலில் காணலாம். சல்லடை இலை தென்பட்ட நாளின் மாலையே தெளிக்கும் நாள். அதன்பின் புழு வளர்ந்து பிரிந்து, பகலில் மண்வெடிப்பில் ஒளிந்து இரவில் மட்டும் தின்னத் தொடங்கிவிட்டால் இரண்டு தெளிப்புகளுமே பலனில் குறைகின்றன. காலையில் தெளித்தால், புழு வெளியே வரும் முன்பே வெயிலின் புற ஊதாக் கதிர் மருந்தின் வீரியத்தைக் கெடுத்துவிடும். நான் செய்த பிழை அதுதான். ஏக்கருக்கு 100 எல்.ஈ. (வைரஸை அளக்கும் ‘புழு சமானம்’ என்ற அலகு) வைரஸுடன் ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரை கலந்தால் வெயிலிலிருந்து ஓரளவு காப்பும் கிடைக்கிறது, புழுவும் விரும்பித் தின்கிறது.

ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பு, இவ்விரண்டுக்கும் முன்பே தெளிக்க வேண்டியது. தாய் அந்துப்பூச்சியை முட்டையிட விடாமல் விலக்குவதும், இளம்புழுவின் உண்ணும் விருப்பத்தைக் கெடுப்பதும் அதன் வேலை. ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் அந்துப்பூச்சி விழத் தொடங்கும் வாரத்தில் அது பயன்படும். முற்றிய புழுவுக்கு அதை அடிப்பது வீண்.

நெல்லில் கணக்கு மாறுகிறது. குருத்துப்பூச்சியின் புழு பொரிந்த சிறிது நேரத்தில் தண்டுக்குள் புகுந்துவிடுவதால், பி.டி.யை அது தின்னும் வாய்ப்பே குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையோ தெளித்ததைக் கழுவிவிடுகிறது. இங்கே முட்டையிலேயே அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தாங்கிய காகித அட்டைதான் மேலானது என்பது என் கருத்து: குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிக்கம் இனத்தை நட்ட 30, 37ஆம் நாட்களிலும், இலைச் சுருட்டுப்புழுவுக்கு கைலோனிஸ் இனத்தை 37, 44, 51ஆம் நாட்களிலும் கட்டலாம். கட்டிய பின் ரசாயன மருந்து அடித்தால் அந்தச் சிறு குளவிகள் மடிந்துவிடும். இலைச் சுருட்டுப்புழுவுக்கு பி.டி.யே வேண்டுமென்றால், மழையில்லாத மாலையில், பயிரின்மேல் கயிறு இழுத்துச் சுருளைக் கலைத்தபின் தெளிக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் பி.டி.க்கே முதலிடம் தருவேன். கறிவேப்பிலை, முட்டைக்கோசு போன்றவற்றில் பல இனப் புழுக்கள் வெளிப்படையாக இலையைத் தின்பதால், ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். சில நாட்களில் வீரியம் போய்விடுவதால் புதிய புழு தெரிந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். கத்தரிக்குத்தான் இவை எதுவும் சரியாக உதவுவதில்லை. அதன் புழு பொரிந்தவுடன் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுகிறது. அங்கே பொறியை வைத்துவிட்டு, வாடிய நுனிகளை வாரந்தோறும் கிள்ளி எரிப்பதே நடைமுறையில் பலன் தந்திருக்கிறது.