பூட்டைப் பிடித்தபடி கால்பேக்கைக் கூப்பிடலாமா, விட்டுவிட்டுக் கூப்பிடலாமா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. அங்கே காற்றின் வேகத்தை அளக்கும் சென்சார் ஒன்றுக்கு நானும் நண்பனும் லினக்ஸ் டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) எழுதினோம். நாகர்கோவில் வீட்டில், பழைய ஒற்றை கோர் (ஒரே செயலி மையம்) போர்டில், மாதக்கணக்கில் ஓடியது. நான்கு கோர் போர்டுக்கு மாற்றிய அன்றே உறைந்துபோனது.

சென்சாரிலிருந்து இன்டரப்ட் (கையிலுள்ள வேலையை நிறுத்தி என்னைக் கவனி என்னும் சமிக்ஞை) வந்ததும் ஸ்பின்லாக்கைப் பிடித்து (ஒரு நேரத்தில் ஒருவரே தரவைத் தொடவைக்கும் பூட்டு, கிடைக்கும்வரை தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும்), பிடித்தபடியே கால்பேக்கை, அதாவது புதிய அளவு வந்தால் அழைக்கும்படி பதிந்துவைத்த செயற்கூற்றை, அழைத்திருந்தோம். அது அளவு வரம்பை மாற்ற எங்கள் டிரைவருக்குள்ளேயே திரும்பி வந்து அதே பூட்டைக் கேட்டது. சாவியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்த கதைதான். ஒற்றை கோருக்கென்று பில்ட் செய்த கெர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஸ்பின்லாக் உண்மையில் எதையும் பூட்டாது. ப்ரீஎம்ப்ஷனையும் (ஓடும் வேலையை இடையில் நிறுத்தி வேறொன்றை ஓட்டுவது) தேவைப்பட்டால் இன்டரப்டையும் நிறுத்தும், அவ்வளவுதான். பிழை அதனால்தான் இத்தனை நாள் ஒளிந்திருந்தது.

"ரிகர்சிவ் லாக் போட்டா தீந்து போச்சு மக்கா" என்றான் நண்பன். பிடித்தவரே மறுபடி பிடிக்கக்கூடிய பூட்டு அது. லினக்ஸ் கெர்னலின் மியூட்டெக்ஸ் (தூங்கிக் காத்திருக்கும் பூட்டு), ஸ்பின்லாக் இரண்டுமே அதற்கு இடம் தராது. நாமே எழுதினாலும், பாதி மாறிய தரவைக் கால்பேக் பார்த்துத் தொலைக்கும். இதை விட்டுவிடலாம்.

பூட்டுக்குள் இருக்கும்போதே தரவையும் கால்பேக் சுட்டியையும் (அது இருக்கும் முகவரி) நகலெடுத்துக்கொண்டு, பூட்டை விட்டபின் அழைப்பது எனக்குப் பிடித்த வழி. தாமதம் கிடையாது. ஆனால் விட்ட அந்த நொடியில் வேறொரு கோர் கால்பேக்கை நீக்கி, அதன் நினைவகத்தையும் விடுவித்துவிடலாம். எனவே ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (இன்னும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு) கட்டாயம். நீக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கால்பேக் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டும். கால்பேக்கே தன்னை நீக்கச் சொன்னால்? தனக்காகத் தானே காத்திருக்கும். பழைய குருடி கதவைத் திறடி.

வொர்க்கியூவுக்கு, அதாவது கெர்னல் பிறகு எடுத்துச் செய்யும் வேலை வரிசைக்கு, தள்ளிவிடுவது இன்னொரு வழி. ஐ-ஸ்கொயர்-சி (சில்லுகளை இணைக்கும் கம்பித் தடம்) வழியாகச் சென்சாருக்கு எழுதுவது தூங்கக்கூடிய, அதாவது இடையில் காத்திருக்க நேரும், வேலை, இன்டரப்டுக்குள் ஆகாது. அங்கே இதுதான் கதி. கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை. அப்புறம், டிரைவரைக் கழற்றும்போது மியூட்டெக்ஸைப் பிடித்துக்கொண்டே கேன்சல்_வொர்க்_சிங்க் (வேலையை ரத்துசெய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும்) அழைத்து, அந்த வேலையும் அதே மியூட்டெக்ஸைக் கேட்டால், மறுபடி உறைந்துபோகும். நாங்கள் அதையும் செய்தோம்.

2006-இல் 2.6.18 கெர்னலோடு வந்த லாக்டெப் என்னும் பூட்டுச் சோதனை வசதி, டெட்லாக் (ஒன்றையொன்று எதிர்பார்த்து உறைவது) நிஜமாக விழும்வரை காத்திராமல், பூட்டுகளைப் பிடிக்கும் வரிசையை வைத்தே எச்சரிக்கும். ஆன் செய்திருந்தால் ஒற்றை கோர் போர்டிலேயே மாட்டியிருப்போம். இப்போது வேக அளவுகளுக்குப் பூட்டை விட்டு அழைப்பு, சென்சாருக்கு எழுத வொர்க்கியூ. லாக்டெப்போடு நாகர்கோவிலில் ஓட்டிப் பார்த்த பிறகே போர்டு பஸ் ஏறுகிறது.