தாத்தா ஞாபகத்துக்கு ஐஎன்ஏ பேட்ச் தேடப் போய் 9,300 ரூபா போச்சு, பழைய மிலிட்டரி பேட்ச் கைடு வாங்குறவங்க கவனம்

பழைய மிலிட்டரி பேட்ச், அதான் சட்டைத் தோள்ல தைக்கிற துணி சின்னம், அதை சேர்க்கிறவங்களோ இல்ல என்னை மாதிரி வீட்டுப் பெரியவங்க ஞாபகத்துக்கு ஒண்ணே ஒண்ணு தேடுறவங்களோ, யாரா இருந்தாலும் காசு அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவ ஏமாந்திருக்கேன். முதல்ல புக்குல, அப்புறம் அந்த புக்கை நம்பி வாங்கின பேட்ச்ல.

எங்களுக்கு தேவிபட்டினம். தாத்தா சின்ன வயசுல மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவரு, 1943ல நேதாஜி சிங்கப்பூர் வந்ததும் அவரோட ஐஎன்ஏல, அதான் இந்திய தேசிய ராணுவத்துல, சேந்துட்டாரு. சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்து தனுஷ்கோடியில கடை வச்சிருந்தாரு. 1964 டிசம்பர் புயல்ல கடையும் போச்சு, கடைக்குள்ள இருந்த தகரப் பெட்டியும் போச்சு, அன்னிக்கு குடும்பம் தேவிபட்டினத்துல இருந்ததால ஆளுங்க தப்பிச்சாங்க. அந்தப் பெட்டியில தான் அவரோட பட்டாளத்து சட்டை இருந்திருக்கு. அப்பத்தாவுக்கு இப்ப 90 தாண்டிருச்சு, இன்னமும் "அந்த சட்டையில மூணு கலர்ல ஒரு துணி தச்சிருக்கும்யா, தொட விடமாட்டாரு"ன்னு சொல்லும். அதே மாதிரி ஒண்ணு வாங்கி தாத்தா போட்டோ பக்கத்துல பிரேம் போட்டு மாட்டணும், அப்பத்தா கண்ணுல காட்டணும், அவ்வளவுதான் என் ஆசை.

எனக்கு இந்த விஷயத்துல ஒண்ணும் தெரியாதுங்கிறதால மொதல்ல ஒரு நல்ல கைடு புக் வாங்குவோம்னு தேடினேன், அப்பதான் ஆன்லைன்ல இந்த ஆள் மாட்டினாரு. ரெண்டாம் உலகப் போர் இந்தியப் படைப்பிரிவு சின்னம் எல்லாம் கலர்ல இருக்கு, ஒரிஜினல் பிரிண்ட், கெட்டி அட்டை, 2,800 ரூபான்னாரு. ரொம்ப மரியாதையா பேசுவாரு, தாத்தா கதை, தனுஷ்கோடி கதை, அப்பத்தா சொன்னது எல்லாத்தையும் நானே கொட்டிட்டேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன், இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது.

வந்தது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். கறுப்பு வெள்ளை. முதல் பக்கம், பதிப்பு வருஷம் போட்ட பக்கம், பின்னாடி இன்டெக்ஸ் எதுவும் கிடையாது. 41ல இருந்து 44 வரைக்கும் நாலு பக்கம் மட்டும் பளபளன்னு கலர்ல, ஐஎன்ஏ பத்தி. கேட்டதுக்கு "ஒரிஜினல் தீந்துருச்சு தம்பி, உங்களுக்கு வேண்டிய பக்கம் கலர்ல தானே இருக்கு"ன்னாரு, நானும் சரின்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் கழிச்சு அவரே போன் பண்ணி, 42ஆம் பக்கத்துல இருக்கிற அதே பேட்ச் ஒண்ணு என்கிட்ட இருக்கு, உங்க தாத்தா போட்டது இதுதான், 6,500 ரூபா, வேற ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காருன்னாரு. புக்கைத் திறந்து பாத்தேன், ஒரு நூல் பிசகாம அதே தான். கேடயம் மாதிரி வடிவம், காவி வெள்ளை பச்சை, நடுவுல பாயுற புலி. மேல ஃப்ரைஸ் இண்டியன்னு இங்கிலீஷ் எழுத்துல ஏதோ இருந்துச்சு, அதென்னன்னு கேட்டேன், நேதாஜி ஜெர்மனியில இருந்து சப்மரீன்ல வந்தாருல்ல, அப்ப அங்கயே அடிச்சு கொண்டு வந்ததுன்னு சொன்னாரு. நேதாஜி சப்மரீன்ல வந்தது உண்மைங்கிறதால நானும் நம்பி ஜிபேல அனுப்பிட்டேன்.

எங்க தெரு மாமா ஒருத்தர் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல சுபேதாரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவர்கிட்ட ஆசையா கொண்டு போய் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. "மாப்ள, இது நேதாஜி ஜெர்மனியில உருவாக்கின படையோட சின்னம், வட ஆப்பிரிக்காவுல பிடிபட்ட நம்ம சிப்பாய்கள வச்சு ஆரம்பிச்சது. சுதந்திர இந்தியான்னு ஜெர்மன்ல எழுதிருக்கு, ஜெர்மன் யூனிபார்ம்ல வலது கையில தைக்கிறது. அவங்க பிரான்ஸ் பக்கம் நின்னவங்க, மலாயாவுல இருந்து போன உங்க தாத்தாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டாரு. எனக்கு வாயே வரல.

சரி, ஜெர்மன் படையோடதாவது நிஜமா இருக்கான்னா அதுவும் இல்ல. பேட்ச்ல துருப்பிடிச்ச ஊக்கு ஒண்ணு குத்தியிருந்துச்சு, பழசுன்னு காட்டுறதுக்காக. மாமா அந்த ஊக்கைக் கழட்டினாரு, துணியில துருக்கறையே இல்ல. நம்ம கடற்கரைக் காத்துல ஒரு மழைக்காலம் ஊக்கு துணியில இருந்தா வட்டமா கறை இறங்கிரும், எத்தனை தடவ துவைச்சாலும் போகாது, இது நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. அப்ப ஊக்கு மட்டும் பழசு, துணியில நேத்து தான் குத்தியிருக்கான். மோந்து பாத்தா டீத்தூள் வாசம், பழுப்பா தெரியறதுக்கு டீத்தண்ணியில ஊறப் போட்டிருக்கான். பின்பக்கம் தொங்கின ஒரு நூல் நுனியை வெட்டி தீக்குச்சி காட்டினாரு, பருத்தியா இருந்தா காகிதம் எரியிற வாசம் வந்து சாம்பலா உதிரும், இது உருகி கறுப்பா கெட்டி உருண்டையா நின்னுச்சு. பாலியஸ்டர். பாலியஸ்டரைக் கண்டுபிடிச்சதே 1941ல, துணிமணின்னு கடைக்கு வந்தது 1950கள்ல தான். அந்த சண்டையில யார் சட்டையிலயும் இந்த நூல் இருந்திருக்க வழியில்ல.

அப்புறம் புக்கைப் புரட்டினாரு. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்னா இந்த விஷயத்துல குப்பை தான்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது, ஏன்னா இந்த சின்னங்கள்ல பாதிக்குப் பாதி கலர் தான் அடையாளமே. அஞ்சாவது இந்தியன் டிவிஷனுக்கு கறுப்புல சிவப்பு வட்டம், ஜெராக்ஸ்ல சிவப்பும் கறுப்பா விழுந்து வெறும் கறுப்புக் கட்டமா நிக்குது. 36வது டிவிஷனுக்கு ஒண்ணோட ஒண்ணு கோத்த ரெண்டு வட்டம், ஒண்ணு வெள்ளை ஒண்ணு சிவப்பு, புக்குல ஒரே ஒரு வட்டம் தான் தெரியுது. அது போக பேரே தப்பு, தங்க அம்பு ஏழாவது டிவிஷனோடது, அதுக்குக் கீழ 17ன்னு போட்டிருக்கான், 17க்கு கறுப்புப் பூனை. அந்த நாலு கலர் பக்கம் எழுத்தே வேற, பேப்பரும் வேற. அவன்கிட்ட விக்கிறதுக்கு என்ன இருக்கோ அதை போட்டோ எடுத்து பிரிண்ட் போட்டு நடுவுல சொருகி, அதையே ஆதாரம்னு நமக்கு வித்திருக்கான். புக் விக்கிறது பேட்ச் விக்கத்தான்.

கைடு வாங்கினா முதல் பக்கம், பதிப்பு வருஷம் போட்ட பக்கம், இன்டெக்ஸ், நடுவுல ரெண்டு கலர் பக்கம், இத்தனையும் வீடியோ கால்ல புரட்டிக் காட்டச் சொல்லுங்க, மழுப்பினா விட்டுருங்க. பேட்ச் விக்கிறவன்கிட்டயே கைடு வாங்காதீங்க. உங்க வீட்டுக் கதையை முன்கூட்டி சொல்லாதீங்க, அவன் அதுக்கு ஏத்த மாதிரி சரக்கை செஞ்சிருவான். லண்டன் இம்பீரியல் வார் மியூசியம் வெப்சைட்ல பர்மா சண்டையில இருந்த பிரிவுகளோட சின்னம் நிறைய போட்டோவோட காசில்லாமப் பாக்கலாம், மாமா காட்டித்தான் எனக்கே தெரியும், 14வது ஆர்மியோட சிவப்புக் கேடயமும் கீழ பாத்த கத்தியும் எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா, அதை முதல்லயே பாத்திருந்தா அந்த ஜெராக்ஸை வந்த அன்னிக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான். சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போட்டு புகார் குடுத்திருக்கேன், 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சிருக்கேன், இன்னும் பணம் வரல. நீங்களும் ஏமாந்திருந்தா வெக்கப்படாம உடனே 1930க்கு கூப்பிடுங்க, எவ்வளவு சீக்கிரம் சொல்றமோ அவ்வளவுக்கு பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு, நான் மாமாகிட்ட காட்டுற வரைக்கும் ஒன்பது நாள் விட்டுட்டேன். அப்பத்தா "துணி வந்துருச்சாய்யா"ன்னு ரெண்டு தடவ கேட்டுருச்சு, இன்னும் வரலன்னு சொல்லியிருக்கேன். 41ல இருந்து 44 வரைக்கும் உள்ள பக்கங்களை போட்டோ எடுத்து வச்சிருக்கேன், ஸ்பைரல் போட்ட இந்த மாதிரி புக் யார்கிட்டயாவது இருந்தா மெசேஜ் பண்ணுங்க, அனுப்புறேன், ஒப்பிட்டுப் பாருங்க.