சிறுகுறிஞ்சான் பொடியும் வெந்தயமும்: பலன் தெரிய எத்தனை நாள் ஆகும்?

ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க இரண்டு வருடத்துக்கு மேலாகச் சிறுகுறிஞ்சான் பொடியும் ஊறவைத்த வெந்தயமும் எடுத்து வருகிறேன். சொந்தக்காரர்கள், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள்ல தெரியும்?" இதற்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்ல முடியாது. நாக்கில் ஒரு நிமிடத்தில் தெரியும். சாப்பிட்ட பிறகு பார்க்கும் சர்க்கரையில், வெந்தயத்தைப் பொறுத்தவரை, அன்றைக்கே தெரியலாம். கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஹெச்பிஏ1சி-யில் தெரிய மூன்று மாதம் ஆகத்தான் செய்யும். எதைப் பார்த்துப் பலன் என்று சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது எல்லாம்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது வயது 46. அம்மாவுக்கும் பெரிய மாமாவுக்கும் சர்க்கரை உண்டு. வெறும் வயிற்றில் 114, ஹெச்பிஏ1சி 6.3 என்று ரிப்போர்ட் வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) INDIAB ஆய்வு, இந்தியாவில் இந்த முந்தைய நிலையில் மட்டும் 13.6 கோடிப் பேர் இருப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பலர் மாத்திரையும் தொடங்காமல், சும்மா இருக்கவும் மனம் வராமல், ஏதாவது பொடியைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தேடினேன்.

எங்கள் டாக்டர், "இப்ப மாத்திரை வேண்டாம்மா. நடங்க, சாதத்தைக் குறைங்க, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். அரசு மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும் சித்தா பிரிவுக்கும் போனேன். அங்கே சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் சொன்ன டாக்டரம்மா, "ஒரு மண்டலம் சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். இரண்டு பேரிடமும் மற்றவர் சொன்னதைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். இதை மறைக்கக் கூடாது. எதை எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் எந்த டாக்டராலும் ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்க முடியாது.

சிறுகுறிஞ்சானைச் சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர் ஏன் என்று பொடியை நாக்கில் வைத்த உடனே தெரிந்துவிடும். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை அடைத்துக்கொள்கின்றன. அரை மணி நேரம், சிலருக்கு அதற்கு மேலும், சர்க்கரையை வாயில் போட்டாலும் மணலை மெல்வது மாதிரி இருக்கும். கசப்பும் புளிப்பும் உப்பும் வழக்கம்போலத் தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போகும். காப்ஸ்யூலாக விழுங்கினால் இது நடக்காது, ஏனென்றால் மருந்து நாக்கில் படவே இல்லை. கடையில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். என் அனுபவத்தில் ஒன்றல்ல. சாயங்காலம் நாலரை மணிக்கு ஆபீஸில் டீயோடு மைசூர்பாகோ பிஸ்கட்டோ சுற்றி வரும். அதற்குச் சற்று முன்னால் கால் ஸ்பூன் பொடியை நாக்கில் தடவிக்கொண்டால் அதை எடுக்கவே தோன்றாது. இத்தனை நாள் உபயோகத்தில் எனக்கு மிக உறுதியாகக் கிடைத்த பலன் இதுதான். இதற்குக் காத்திருக்கவே தேவையில்லை.

வெந்தயத்தின் கணக்கு வேறு. இரவில் இரண்டு ஸ்பூன் ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரோடு மென்று சாப்பிடுவேன். ஊறியதும் வரும் அந்தக் கொழகொழப்பு கேலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து. அது வயிற்றில் இருக்கும்போது பின்னால் வரும் இட்லியின் மாவுச்சத்து மெதுவாகத்தான் ரத்தத்தில் சேரும். அதனால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் அளவில் சீக்கிரமே வித்தியாசம் வந்தது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டுபவர்கள் முக்கியமான பாகத்தை இழக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் வயிறு உப்புசமாக இருந்தது, போகப் போகச் சரியானது. வியர்வையில் வெந்தய வாசம் வந்தது. அது இயல்பு, பயப்பட வேண்டாம்.

முதல் மாதத்தில் பலரையும் குழப்புவது வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர். காலையில் 118, மறுநாள் 103, அடுத்த நாள் 112 என்று காட்டும். 103 வந்த அன்று பொடி வேலை செய்கிறது என்று தோன்றும், 118 வந்த அன்று விட்டுவிடலாம் என்று தோன்றும். இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரமே, அளவு நூறுக்கு மேலே போனால் 15 சதவீதம் வரை முன்பின் காட்டுவதை ஏற்கிறது. உண்மையில் 110 இருந்தால் 94 என்றும் வரலாம், 126 என்றும் வரலாம். முந்தைய இரவு தூங்கியது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, சளி காய்ச்சல் எல்லாம் இதற்கு மேலே. ஒரு நாள் அளவை வைத்து எந்த மூலிகையையும் புகழவோ தள்ளவோ கூடாது.

மண்டலம் என்று சொன்ன 48 நாள் முடிந்தபோது வெறும் வயிற்று அளவின் சராசரி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் முழுப் படம் அப்போது கிடைக்காது. சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலம் முழுக்க அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. கடைசி ஒரு மாதத்துக்கே பாதி எடை உண்டு என்பதால் ஒரு மண்டலத்தில் திசை தெரியும். பழைய அணுக்கள் போய்ப் புதியவை வந்த பிறகுதான், அதாவது மூன்று மாதம் கழித்துத்தான், அந்த எண்ணை நம்பலாம்.

எனக்கு மூன்று மாதத்தில் 6.1, ஆறு மாதத்தில் 5.9, ஒரு வருடத்தில் 5.8.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் பொடிக்குத்தான் பாராட்டைக் கொடுக்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன். அதே காலத்தில் தினமும் முக்கால் மணி நேரம் நடந்தேன், மதியச் சாதத்தைப் பாதியாக்கினேன், நாலு கிலோ குறைந்தேன். இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பெண்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் என் ஹீமோகுளோபின் 10.2. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். இரும்பு மாத்திரை சாப்பிட்டு ரத்தம் ஏறியதாலேயே அதில் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றார் டாக்டர். (வெந்தயத்தையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது, நார்ச்சத்து உறிஞ்சுதலைத் தடுக்கும். நான் மாத்திரையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன்.)

அதனால் ஒரு வருடம் ஆனதும், டாக்டரிடம் சொல்லிவிட்டு, சிறுகுறிஞ்சானை மட்டும் மூன்று மாதம் நிறுத்திப் பார்த்தேன். நடை, சாப்பாடு, வெந்தயம் எதையும் மாற்றவில்லை. முடிவில் 5.9 வந்தது. 0.1 வித்தியாசம் பரிசோதனைக்கூடத்தின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வயிற்றுக்குள் போய்ச் சிறுகுறிஞ்சான் எனக்குச் செய்த உதவி இருந்தாலும் சிறியது என்றுதான் எடுத்துக்கொண்டேன். நாலரை மணி இனிப்பு ஆசை மட்டும் அந்த மூன்று மாதமும் பலமாகத் திரும்பி வந்தது, கட்டுப்படுத்தச் சிரமப்பட்டேன். இப்போது காலை வேளைப் பொடியை விட்டுவிட்டேன், சாயங்காலம் மட்டும் நாக்கில் வைத்துக்கொள்கிறேன்.

சிறுகுறிஞ்சானைப் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மனித ஆய்வு நம் சென்னையிலிருந்து வந்தது. மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 22 பேருக்கு, அதன் இலையிலிருந்து எடுத்த செறிவூட்டிய சாற்றை 400 மில்லிகிராம் தினமும் கொடுத்து 18 முதல் 20 மாதம் கவனித்து, 1990-ல் வெளியிட்டார்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரை அளவைக் குறைக்க முடிந்தது, ஐந்து பேர் மாத்திரையை நிறுத்தினார்கள். விற்பவர்கள் அந்த ஐந்து பேரைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். 22 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, ஆனது ஒன்றரை வருடத்துக்கு மேல், கொடுத்தது செறிவூட்டிய சாறு. நாம் வாங்கும் சாதா இலைப்பொடி அதுவல்ல. வெந்தயத்துக்கு 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது: என்னைப் போல முந்தைய நிலையில் இருந்தவர்களுக்குத் தினம் 10 கிராம் வீதம் மூன்று வருடம் கொடுத்ததில், நீரிழிவுக்குள் போனவர்கள் குறைவாக இருந்தார்கள். நல்ல செய்தி சொல்லும் ஆய்வுகளே வருடக் கணக்கில்தான் பேசுகின்றன.

ஆகவே ஒரு வாரத்தில் 250, 120 ஆகிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது. மூலிகை என்று விற்ற பொருள்களில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற ஆங்கில மருந்துகளை ரகசியமாகக் கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அளவு தெரியாமல் அதைச் சாப்பிடும் வயதானவருக்கு நடு இரவில் சர்க்கரை இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் குற்றம். அப்படிப் போட்டிருக்கும் டப்பாவை நான் கையில் எடுப்பதில்லை. உரிம எண், தயாரித்த தேதி, சேர்மானம் மூன்றும் அச்சிட்டிருக்க வேண்டும். அல்லது இலையாக வாங்கி நிழலில் காயவைத்து நாமே பொடித்துக்கொள்ளலாம். நான் ஒரு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தொட வேண்டாம். அறுவை சிகிச்சை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி நிறுத்திவிட வேண்டும். கொரோனா காலத்தில் சீந்தில் சாப்பிட்ட சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். மூலிகை என்பதாலேயே ஈரல் அதைச் சும்மா விட்டுவிடாது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தொடங்குவது என்று முடிவு செய்தால், முதல் ஸ்பூனுக்கு முன்னால் ஹெச்பிஏ1சி, ஹீமோகுளோபின், ஈரல் பரிசோதனை மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவையும் எடையையும் அதே தாளில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைக்கூடத்துக்கே போங்கள். என் தோழி ஒருத்தி ஆறு மாதமாகப் பொடி சாப்பிட்டுவிட்டு என்னோடு டாக்டரைப் பார்க்க வந்தாள். "முன்னாடி எவ்வளவு இருந்துச்சும்மா?" என்று அவர் கேட்டபோது அவளிடம் சொல்ல எண் எதுவும் இல்லை. அன்றைக்கு எடுத்த 6.0 இறங்கி வந்ததா, ஏறிப் போவதா என்று எங்கள் மூவராலும் சொல்ல முடியவில்லை.